எட்டாம் நம்பர் வண்டி

பல்லுக்காரர் என்றால் அந்தத் தெருவில் ஒரே ஒருவர்தான். டாக்டர் அல்ல. பிடுங்குவது டாக்டரம்மாவின் வேலை. பிடுங்கிய இடத்தில் வைக்க வேண்டியதைச் செய்வது இவருடைய வேலை. பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஒரு ஜன்னலும் இரண்டு மேசையும் உள்ள அறையில், யாரோ ஒருவருடைய மேல்தாடை அச்சைக் கையில் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்திருப்பார். அந்த ஆளை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். ஆனால் கடைத்தெருவில் எதிரே வருகிறவர் வாய்விட்டுச் சிரித்தால் போதும், ‘இது நம்ம சரக்கு’ என்று கண்டுபிடித்துவிடுவார். சிரித்தவரோ, இந்த மனுஷன் ஏன் என் வாயையே பார்க்கிறான் என்று சிரிப்பை விழுங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

அவருடைய மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊரே டிரைவிங் டீச்சர் என்றுதான் கூப்பிடும். இவர் பேசுவது பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது. அவள் பேசுவது அடுத்த சிக்னலில் நிற்கிறவருக்குக் கேட்கும். கிளட்சை எப்போது விட வேண்டும் என்று அவள் ஒரு தடவை சொன்னால், கற்றுக்கொள்பவரோடு சேர்ந்து சாலையோரம் நடந்து போகிறவரும் காலைத் தூக்கிவிடுவார். இப்படி இரண்டு பேர் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறீர்கள் என்று யாராவது கேட்டால் பல்லுக்காரர் தலையைச் சொறிவார். இதில் என்ன அதிசயம்? ஒருவர் பேசுகிறார், ஒருவர் கேட்கிறார். இரண்டு பேரும் பேசினால்தான் வீடு சந்தைக்கடை ஆகும்.

அந்த வீட்டில் குறை என்று ஒன்று இருந்தது என்றால் அது பரிசு விஷயம்தான். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் பல்லுக்காரர் யோசித்து, அலைந்து, ஏதாவது வாங்கி வருவார். அவளும் பிரித்துப் பார்த்து, “நல்லாத்தான் இருக்குங்க” என்பாள். அந்தத் ‘தான்’ விழும்போதே இவர் பில்லைத் தேடி எடுத்து வைத்துவிடுவார். மறுநாள் அவள் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவாள். இப்படிப் போன கைக்கடிகாரம் மிக்ஸியாகத் திரும்பி வந்தது. மழைக்கோட்டு இரண்டு தலையணையாக வந்தது. ஒரு வருஷம் வாங்கிய அழகான குடை, அவளுடைய டிரைவிங் பள்ளிக் காருக்கு இரண்டு வைப்பர் பிளேடாகவே வந்து சேர்ந்தது. அவள் மனசு கல் என்று நினைத்துவிடாதீர்கள். உபயோகமில்லாத பொருளைப் பார்த்தால் அவளுக்குக் கை அரிக்கும், அவ்வளவுதான். ஆனால் கொடுத்தவனுக்கு அது எப்படி இருக்கும்? முப்பது வருஷமாகக் கூடவே இருந்தும் இவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லையே என்ற எண்ணம், ஒவ்வொரு வருஷமும் அந்தப் பில்லோடு சேர்ந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வரும்.

போன தடவை அது கைப்பை. அவள் உள்ளே கடைக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தபோது, இவர் வெளியே வந்து பக்கத்துக் கடைக் கண்ணாடியை வேடிக்கை பார்த்தார். பொம்மைக் கடை. அதில் ஒரு சாண் நீளத்தில் ஒரு ரேஸ் மோட்டார் சைக்கிள் நின்றது. பழைய காலத்து வண்டியின் மாடல். சிவப்புப் பெயிண்ட், உடம்பெல்லாம் ஸ்டிக்கர், அச்சு அசலாகச் செயினும் பிரேக் கம்பியும். பல்லுக்காரர் மூக்கு கண்ணாடியில் ஒட்டுகிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவருடைய மனைவி ரேஸ் ஓட்டியவள். அவளுடைய அண்ணன் வொர்க்‌ஷாப் வைத்திருந்தார். பழைய வண்டி ஒன்றைப் பிரித்துக் கோத்து அவளுக்கென்று தயார் செய்தார். எட்டாம் நம்பர். கல்யாணம் பேசி முடிந்த மறுவாரமே, இனிமேல் இது எதற்கு என்று அண்ணன் அதை விற்றுவிட்டார். யாரையும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வந்தார், மோட்டார் சைக்கிள் போயிற்று. பல்லுக்காரருக்கு இது கல்யாணமான பிறகுதான் தெரியும். தன்மேல் தப்பில்லை என்று மூளை சொன்னாலும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. அவளிடம் பேச்செடுத்தால், “அது பழைய கதைங்க, அடுப்புல பால் இருக்கு பாருங்க” என்று எழுந்துவிடுவாள். ஊருக்கே கேட்கும் குரல் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அடங்கிவிடும்.

அன்றைக்குப் பொம்மைக் கடை வாசலில் அவர் முடிவு செய்தார். அந்த மாடலை வாங்கி, உரித்து, மாற்றி, அவளுடைய எட்டாம் நம்பர் வண்டியாகவே செய்துவிட வேண்டும். எந்தக் கடையும் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாத ஒரு பொருளை இவளுக்குக் கொடுக்க வேண்டும். அதையும் அவள் “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் பரிசு என்ற வார்த்தையையே எடுப்பதில்லை.

ஆதாரம் என்று கையில் இருந்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்தே வருஷக்கணக்காயிற்று. இளம் பெண் ஒருத்தி ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வண்டி பக்கத்தில் ராணி மாதிரி நிற்கிறாள். பல்லுக்காரர் அதைச் சட்டைப்பைக்குள் வைத்து வேலை இடத்துக்குக் கடத்திக்கொண்டு போனார். ஜன்னலோரம் மாடலையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒப்பிட்டார். டேங்க் வேறு. சீட் வேறு. சக்கரங்களில் ஆரக்கம்பிகள் படத்தில் நிறைய, மாடலில் குறைவு. முக்கியமாக, மாடலில் சைலன்ஸர் வலது பக்கம் இருந்தது. படத்தில் இடது பக்கம். கடைப் பொம்மை செய்கிறவனுக்கு என்ன தெரியும் என்று ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தார். தாடை அச்சில் எல்லாம் உள்வெளி மாறித்தான் வரும். அதோடு வாழ்நாள் முழுக்கப் பழகியும் இடது வலது தவறியதே இல்லை என்பது அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் வண்டி வேலை நேரமாயிற்று. முதல் நாளே சறுக்கினார். பழைய பெயிண்டை எடுக்க வேண்டும். கைக்கு எட்டிய புட்டியை எடுத்து, பஞ்சில் நனைத்து, டேங்கைத் துடைத்தார். அது பல் செட் செய்யும் பவுடரைக் குழைக்கும் திரவம். வருஷக்கணக்காக மேசையில் எதைத் துடைப்பதென்றாலும் அதைத்தான் எடுப்பார், கை பழகிவிட்டது. பொம்மையின் பிளாஸ்டிக்குக்கு அது எமன். பெயிண்டும் போயிற்று, கூடவே டேங்கும் குழைந்து வெண்ணெயாய் விரலில் ஒட்டிக்கொண்டது. பல்லுக்காரர் கொஞ்ச நேரம் விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

அழுது பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும் தெரிந்த வழியில் இறங்கினார். படத்தைப் பார்த்து மெழுகில் ஒரு டேங்க் செதுக்கினார். பிளாஸ்டரில் புதைத்து, வெந்நீரில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் குழிக்குள் பல் செட் பவுடரைக் குழைத்து அடைத்து வேகவைத்தார். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்துவிட்டார். பிளாஸ்டரை உடைத்ததும் வெளியே வந்தது, ஈறு நிறத்தில் பளபளவென்று ஒரு பெட்ரோல் டேங்க்.

“இது மேல் தாடையா, கீழ் தாடையா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

இவருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, பல்லுக்குக் கம்பி கட்டும் மெல்லிய எஃகுக் கம்பியில் ஒரு சுருள் எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். சக்கரத்துக்கு உதவும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உதவியது. ஒவ்வொரு ஆரமாக வெட்டிக் கோத்துச் சக்கரம் சுற்றியபோது, அந்த அறையில் தாடைகளைத் தவிர வேறு சாட்சி இல்லாததால், பல்லுக்காரர் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டார்.

நிறம்தான் பெரிய தலைவலி. கறுப்பு வெள்ளைப் படத்தில் எல்லா நிறமும் சாம்பல்தான். மனைவியிடம் நூல் விட்டுப் பார்த்தார். வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாமா, உனக்கு ரொம்பப் பிடித்த நிறம், இளம் வயதிலிருந்தே பிடித்த நிறம் எது என்று சுற்றி வளைத்துக் கேட்டார். அழுக்கு தெரியாத நிறம் எதுவோ அதுதான் என்றாள் அவள். மறுநாள் கேட் சாம்பல் ஆயிற்று. இவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

கடைசியில் மச்சானைத் தேடி வொர்க்‌ஷாப்புக்குப் போனார். மச்சானின் வாயில் ரகசியம் நிற்காது. அதனால் விஷயத்தை மறைத்து, சும்மா பழைய பேச்சைப் போல, அந்த ரேஸ் வண்டி என்ன நிறம் என்று மட்டும் கேட்டார்.

“அது ஒரு நிறமே இல்ல மாப்பிள்ளை. டப்பாவுல மிச்சம் இருந்த நீலத்தையும் மிச்சம் இருந்த பச்சையையும் ஒண்ணா ஊத்தி அடிச்சேன். அதுலயும் மிச்சம் வந்துச்சு. நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த ஸ்டூலுக்கு அடிச்சேன்” என்றார் மச்சான்.

பல்லுக்காரர் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தார். மேல்பக்கமெல்லாம் கிரீஸும் உட்கார்ந்த தேய்ச்சலும்தான். ஆனால் தலைகீழாகக் கவிழ்த்தபோது, வெயில் படாத அடிப்பலகையில் அந்த நிறம் புதுசாகவே இருந்தது. நீலம் என்றால் பச்சை கோபித்துக்கொள்ளும், பச்சை என்றால் நீலம் கோபித்துக்கொள்ளும், அப்படி ஒரு நிறம். ஸ்டூலை இரவல் தாருங்கள் என்றார். பல் செய்கிறவருக்கு ஸ்டூல் எதற்கு என்று மச்சான் யோசிப்பதற்குள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

நிறம் பொருத்துவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பல்லுக்கு நிறம் பார்ப்பது போலவே பார்த்தார்: காலை வெளிச்சத்தில், ஜன்னலோரம், ஒரு நொடிப் பார்வை. உற்று உற்றுப் பார்த்தால் கண் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். பார்த்ததும் கண்ணைச் சாம்பல் அட்டைமேல் ஓய விட்டு மறுபடி ஒரு நொடி. நீலத்தில் ஒரு சொட்டு பச்சை, அதில் ஊசிமுனை மஞ்சள். ஏழெட்டுத் தடவை கலந்து கொட்டிய பிறகு, ஸ்டூலின் அடியில் தடவிய புள்ளி எங்கே என்று அவருக்கே தெரியாமல் போயிற்று. அந்த நிமிஷம் அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அறையில் இருந்த அத்தனை பல் செட்டும் அவரோடு சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தன.

டேங்குக்கு மூன்று பூச்சு. சீட்டுக்கு, சிகிச்சையின்போது வாயில் விரிக்கும் ரப்பர்த் தாள். கடைசியாகச் சைலன்ஸர். மாடலின் வலது பக்கத்தில் இருந்ததை அறுத்தெடுத்து, ஓட்டையை அடைத்து, இடது பக்கம் புதுத் துளை போட்டு, எஃகுக் குழாயைப் படத்தில் உள்ளபடியே வளைத்துப் பொருத்தினார். செயினையும் பக்கம் மாற்றினார். மற்ற எல்லா வேலையையும்விட இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது, இதில்தான் அவருக்குப் பெருமையும் அதிகம். பல் பளபளப்பாக்கும் சக்கரத்தில் காட்டி எடுத்தபோது குழாயில் ஜன்னல் தெரிந்தது. வெள்ளை வட்டத்தில் எட்டு என்று எழுதி முடித்தார்.

கல்யாண நாள் காலையில், பல் செட் வைத்துக் கொடுக்கும் வெள்ளைப் பெட்டியில் வண்டியை வைத்துச் சாப்பாட்டு மேசையில் நீட்டினார். வேறு பெட்டி கிடைக்கவில்லை.

“எனக்கு இன்னும் ஒரு பல்லுகூட விழலையே” என்றபடி அவள் மூடியைத் திறந்தாள்.

வண்டியை எடுத்து மேசைமேல் நிறுத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, கண் அதன் உயரத்துக்கு வருகிற மாதிரி குனிந்து உட்கார்ந்தாள். விரல் நுனியால் டேங்கைத் தொட்டாள். சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். அந்த வீட்டில் அவள் அவ்வளவு நேரம் சும்மா இருந்து இவர் பார்த்ததில்லை. ‘தான்’ வருமா வராதா என்று அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இந்த நிறம் எப்படிக் கிடைச்சது உங்களுக்கு?” என்றாள்.

ஸ்டூல் கதையைச் சொன்னார். அவள் சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், மறுபடி சிரித்தாள். வண்டியைத் திருப்பி மறுபக்கம் பார்த்தாள். பிறகு இந்தப் பக்கம். புருவம் சுருங்கியது.

“என்னங்க, சைலன்ஸர் இந்தப் பக்கம் இல்லையே. வலது பக்கமில்ல இருந்துச்சு?”

பல்லுக்காரர் சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்துக் காட்டினார். அதில் இருக்கிறபடிதான் செய்தேன் என்றார், கொஞ்சம் முறுக்காகவே. அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். ஸ்டூடியோக்காரர் பிலிமைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்துவிட்டார் என்றாள். எட்டைத் திருப்பிப் போட்டாலும் எட்டுதானே, அதனால் அவளும்கூட இத்தனை நாள் கவனிக்கவில்லை. இவர் அப்போதும் முழுசாக நம்பவில்லை. கண்ணால் கண்ட சாட்சியை எப்படி விடுவது?

அவள் பேண்ட்டின் வலது காலைச் சுருட்டிவிட்டாள். கெண்டைக்காலில், உள்ளங்கை அகலத்துக்கு, பளபளவென்று ஒரு பழைய தழும்பு.

“முப்பது வருஷமா இதைப் பாக்கறீங்க. என்னன்னு நினைச்சீங்க?”

இஸ்திரிப் பெட்டி என்று நினைத்திருந்தார். அதைச் சொன்னார். காலில் எவளாவது இஸ்திரி போடுவாளா என்று அவள் கேட்டாள். கடைசித் திருப்பத்தில் வண்டி சரிந்ததும், சுட்டுக்கொண்டே அதை நிமிர்த்தியதும், முடிவுக் கோட்டை மூன்றாவதாகத் தாண்டியதும் அன்றைக்குத்தான் அவர் காதில் விழுந்தன. கேட்டால் சொல்லியிருப்பாளா என்றால், இவர் படத்தைப் பார்த்த அளவுக்கு அந்தக் காலைப் பார்த்துக் கேட்டதே இல்லை.

பல்லுக்காரருக்கு உடம்பே சிறுத்துப்போயிற்று. கடைக்காரன் சரியாக வைத்திருந்ததை, நாள்கணக்கில் பாடுபட்டுத் தப்பாக மாற்றியிருக்கிறார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. இந்தத் தடவை அவள் கடைக்குப் போய் மாற்றக்கூட வழியில்லை. “குடும்மா, ஒரே வாரத்துல அந்தப் பக்கமே வச்சுக் கொண்டாந்துடறேன்” என்று கையை நீட்டினார்.

அவள் வண்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“தொடக் கூடாது. வலது பக்கம் இருந்த வண்டியை அண்ணன் ஒரு வார்த்தை கேக்காம வித்துட்டாரு. இது நீங்க எனக்காகச் செஞ்ச வண்டி. இது இப்படியேதான் இருக்கும்.”

அந்த வாக்கியத்திலும் ஒரு ‘தான்’ இருந்தது. ஆனால் இது வேறு. பல்லுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொள்ளத் துண்டைத் தேடினார். கிடைக்கவில்லை, சட்டைக் கையாலேயே துடைத்துக்கொண்டார். அழுதார் என்று சொல்வதில் என்ன வெட்கம், அழத்தான் செய்தார்.

அவளுக்கு அதற்குள் பழைய குரல் வந்துவிட்டது. போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டு, ஓடுகிற நிலையில் என்ன வண்டி நிற்கிறது, சாயங்காலம் ஓட்டப் பழகும் மைதானத்துக்குக் கொண்டு வா, எதற்கு என்று கேட்காதே என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் மோட்டார் சைக்கிளைத் தொட்டதே இல்லை.

சாயங்காலம், கற்றுக்கொள்பவர்கள் எல்லாம் போன பிறகு, மச்சான் ஒரு பழைய வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒரே உதையில் கிளப்பினாள். பல்லுக்காரர் இதுவரை பஸ்ஸிலும் அவளுடைய காரிலும் மட்டுமே போனவர். பின்னால் ஏறி, பிடித்துக்கொள்ள எது கிடைக்கும் என்று பார்த்து, அவளையே பிடித்துக்கொண்டார்.

“நான் சாஞ்சா கூடவே சாயணும். பயந்து அந்தப் பக்கம் இழுத்தீங்கன்னா ரெண்டு பேரும் தரையிலதான்” என்றாள்.

முதல் திருப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதில் ஒரு கண்ணைத் திறந்தார். மூன்றாவதில் தரை தோள் பக்கத்தில் ஓடியது. அவள் சாய்ந்தாள், இவரும் சாய்ந்தார், வண்டி பிசகாமல் நிமிர்ந்தது. ஓரத்தில் நின்ற மச்சான் கைதட்டிக்கொண்டே ஏதோ கத்தினார், காற்றில் கேட்கவில்லை. அவள் சிரிப்பது மட்டும் இவர் மார்பில் அதிர்ந்தது.

வண்டி நின்றதும் பல்லுக்காரர் முதலில் இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றப் போன மனைவியின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இன்னொரு ரவுண்ட் போலாமா?” என்று கேட்டார்.